பீரோவுக்குள் இருக்கும் லைசென்ஸ்

லாரி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், இந்த மாதமே யாராவது ஒரு பையனை எதிரே உட்காரவைத்து அந்தப் பேச்சைப் பேச வேண்டியிருக்கும். "ஹெவி லைசென்ஸ் எடுக்குற செலவு மொத்தமும் முதலாளி பாத்துக்கிருவாக. ரெண்டு வருஷம் எங்ககிட்டயே ஓட்டணும். அவ்வளவுதான்." இதே வார்த்தைகளைத் தேனியில் நான் இருபது வருஷத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று முடிவு செய்வது, லோடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் பேசுவது, வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்புவது, இதெல்லாம் என் மேசை. போன பொங்கலோடு வேலையை விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்கிறேன். பாதி உண்மை.

மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களைத் தடுப்பதற்காக இல்லை. முதலாளி பணம் கட்டி ஒருவன் லைசென்ஸ் எடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம் என்றுதான் இன்றும் சொல்வேன். கடமலைக்குண்டிலிருந்து வந்த ஒருவன் எங்களிடம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூல் வாசலை மிதிக்க அவனுக்கு வேறு வழியே கிடையாது. ஆபீஸ் கட்டியது. ஒப்புக்கொண்ட காலத்தை ஒழுங்காக ஓட்டி முடித்தான். இன்று சொந்தமாக லாரி வைத்துக்கொண்டு, எங்கள் வாடிக்கைக்காரர்களிடமே வாடகையைக் குறைத்துப் பேசுகிறான். அவனை ரோட்டில் பார்த்தால் சந்தோஷம் வரும், கூடவே கோபமும் வரும்.

ஆனால் நம் பக்கத்தில் இதோடு சேர்ந்து ஒரு வழக்கம் இருக்கிறது. லைசென்ஸ் கார்டு கைக்கு வந்ததும், முதலாளி அந்தப் பையனையும் அவன் வீட்டாரையும் காரில் ஏற்றி வீரபாண்டி கோவிலுக்குக் கூட்டிப்போவார். கௌமாரியம்மன் காலடியில் வைத்து, குங்குமத்தோடு கார்டைத் திரும்ப வாங்குவார்கள். அப்புறம் ஹோட்டலில் சாப்பாடு. திரும்பி வரும்போது கார்டு முதலாளி கைக்குப் போயிருக்கும், அங்கிருந்து ஆபீஸ் பீரோவுக்குள். முன்பெல்லாம் டிரிப்புக்குப் போகும்போதாவது வெளியே வரும். போலீஸ் செக்கிங்கில் போனில் காட்டினால் போதும் என்று ஆனதிலிருந்து அதுவும் இல்லை. உள்ளேயே கிடக்கிறது. வேறு ஆபீஸில் வேலை கேட்டால் முதலில் கார்டைத்தான் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே 'அவன் கார்டு உள்ள இருக்கு' என்றால், அவன் எங்கும் போகமாட்டான் என்று அர்த்தம். யாரும் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அதனால்தான் இத்தனை காலமாக நடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் ஒரு டிரைவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு நாள் கம்பத்தில் பன்னீர் திராட்சை ஏற்றி கொச்சிக்குப் போக வேண்டிய வண்டி ஆபீஸ் வாசலில் நின்றது. திராட்சை காத்திருக்காது. முதலாளியும் வாசலில் நிற்கிறார். இவர் ஸ்டேரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார், லொடலொடவென்று ஆடியது. உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

"வண்டி இன்னைக்கு மலை இறங்க மாட்டேங்குது முதலாளி. மெக்கானிக்கு பாத்தபெறகு நானே எடுத்துட்டுப் போறேன்."

முதலாளி பேசிய பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லாமல் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விட்டார். ஆபீஸ் காசில் லைசென்ஸ் எடுத்த இன்னொரு டிரைவர் அதே வண்டியை எடுத்துப்போய், மறுநாள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்த வாரம் முழுக்க இவர் பாடு திண்டாட்டம். உள்ளே வருகிறவன் போகிறவன் எல்லாம், என்னண்ணே, இன்னைக்கு வண்டி என்ன சொல்லுது என்று கேட்பான். அவர் அசரவில்லை. போனட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாருக்காம்ப்பா. உன்னையக் கேட்டதாச் சொன்னுச்சு" என்பார்.

அவரிடம் நான் கவனித்தது, 'நான் போக மாட்டேன்' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. எப்போதும் வண்டிதான் போகாது. வண்டிக்கும் முதலாளிக்கும் உள்ள வழக்கில் அவர் வெறும் சாட்சி. அவர் அப்படியொன்றும் தைரியசாலியும் கிடையாது. தெரு நாயைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போகிற ஆள். ஆனால் சொந்தச் செலவில் மதுரையில் லைசென்ஸ் எடுத்தவர். கார்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. அந்த வண்டி பத்திரமாகத் திரும்பியதை வைத்து அவர் மறுத்தது தப்பு என்று ஆபீஸே முடிவு கட்டியது. நீங்கள் அப்படிக் கணக்குப் போடாதீர்கள். திரும்பி வந்த வண்டி எதையும் நிரூபிப்பதில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் மகன் அருள் டிப்ளமோ முடித்துவிட்டு, குட்டி யானை வண்டியில் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தான். சின்னமனூரில் வாழைக்காய் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி அவன் ஓட்டுவதைப் பார்த்துப் பிடித்துப்போய், ஹெவி எடுத்துத் தருகிறேன் என்று நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, மாதா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவர் போனபின் வீட்டில் பெரிய விவாதம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு அருள் லாரி ஓட்டுவதே பிடிக்கவில்லை, அதிலும் இன்னொருவர் பணத்தில் என்றதும் பொறுக்கவில்லை. "அவுக காசு கட்டினா, அவுக சொல்ற எடத்துக்கெல்லாம் தலையாட்டணும்ல" என்றார். அருள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இது நல்லதுன்னு நீதானம்மா சேத்துவிட்ட. எனக்கு மட்டும் ஆகாதா?"

நாங்களே கட்டியிருக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். எப்படியாவது கட்டியிருப்போம். ஆனால் புது லைசென்ஸை நம்பி யாரும் பெரிய வண்டியைத் தரமாட்டார்கள் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? பணம் கட்டியவர்தான் வண்டி தருவார், பழகும்வரை அனுபவமுள்ள டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைப்பார். டிரைவிங் ஸ்கூலைவிட அதுதான் உண்மையான பயிற்சி. சரி என்றேன். கார்டு மட்டும் அவனிடம்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அந்த முறை அருளோடு சேர்த்து முத்துப்பாண்டி என்ற பையனுக்கும் அந்த முதலாளி பணம் கட்டியிருந்தார். மயிலாடும்பாறைக்காரன். அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கார்டு வந்ததும் இரண்டு வீட்டாரையும் வீரபாண்டிக்குக் கூட்டிப்போனார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இருந்தாலும் கூப்பிட்ட மரியாதைக்குப் போனோம். சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடித்து, கார் பக்கத்தில் நிற்கும்போது முதலாளி சாதாரணமாகக் கையை நீட்டினார். முத்துப்பாண்டியின் அம்மா மகன் பையிலிருந்து கார்டை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"எங்க வீடு மழைக்கு ஒழுகும் முதலாளி. உங்க பீரோல இருந்தாத்தான் பத்திரம்."

அந்தம்மா முகத்தில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு காவல் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. அருள் கையும் பைக்குப் போனது. நான் குறுக்கே பேசினேன்.

"அவன் கார்டு அவன்கிட்டயே இருக்கட்டும் முதலாளி. ரெண்டு வருஷத்துக்கு நான் பொறுப்பு. நான் எங்கன உக்காந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்ல."

அவர் சிரித்தார். "லாரி ஆபீஸ்ல இருக்குற நீங்களே இப்படிப் பேசுனா எப்படி, மேனேஜரம்மா?" நான் மேனேஜர் இல்லை. அது அவர் எனக்கு வைத்த பட்டம். ஆனாலும் வற்புறுத்தவில்லை. காரில் திரும்பும்போது வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு மதியம். உங்களுக்குத் தெரியும், அந்த வாரத்தில் நேந்திரங்காய் லோடு மணிக்கணக்கு பார்த்து ஓடும். எங்கள் ஆபீஸில் கோட்டயம் போகும் வண்டிக்குச் சாவி வாங்க ஒரு டிரைவர் என் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் காசில் லைசென்ஸ் எடுத்தவர், கைக்குழந்தைக்காரர், அதிகம் பேசாதவர். சாவியை எடுக்கப் போன நேரம் என் போன் அடித்தது. அருள்.

மலைக்குக் கீழே லோயர் கேம்ப்பில், கேரளாவுக்குப் போகும் லோடு வண்டியோடு நிற்பதாகச் சொன்னான். பிரேக்குக்கு ஏர் ஏறி நிற்கவில்லை. இரண்டு தடவை மிதித்தால் ஏர் மீட்டர் முள் கீழே வந்துவிடுகிறது. கம்பத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டு, மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று அனுப்பிவிட்டார். முதலாளியும் போனில் அதையேதான் சொல்கிறார், குமுளியில் யாரிடமாவது காட்டிக்கொள்ளலாம் என்கிறார். குமுளி வரை ஏற்றம்தான். அதைத் தாண்டி, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை இறங்க வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்கும் முன்பே அவன் சொன்னான்.

"எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்மா. அவுககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. வீடு வரைக்கும் வந்து அவ்வளவு செஞ்சிருக்காக."

கார்டு அவன் பையில்தான் இருந்தது. அப்படியும் அவனுக்கு வாய் வரவில்லை. கார்டைக் கையில் வைத்திருப்பது பாதி வேலைதான் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. நன்றி என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தப் பீரோவிலிருந்து எடுப்பது?

மேசையில் இருந்த இன்னொரு போனை என் கை எடுத்துவிட்டது. அந்தச் சின்னமனூர் முதலாளியின் நம்பர் எனக்கு மனப்பாடம். நானே பேசினால் ஒரு நிமிஷத்தில் முடியும். ஆனால் அம்மா பேசி இறக்கிவிட்ட டிரைவர், அடுத்த முறை குட்டிக்கானத்தில் போன் எடுக்காத வளைவில் நிற்கும்போது என்ன செய்வான்? போனைத் திரும்ப வைத்தேன். வைப்பதற்கு என் உடம்பில் இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது. அந்தப் பழைய டிரைவரின் வார்த்தைகளை அவனுக்குக் கொடுத்தேன்.

"நான் மாட்டேன்னு சொல்லாத. வண்டி இறங்காது முதலாளின்னு சொல்லு. வேற வண்டி விடுங்க, லோடு மாத்துறவரைக்கும் கூட நிக்கிறேன்னு சொல்லு. அதுக்கு மேல அவுக எது கேட்டாலும், திரும்ப இதையே சொல்லு."

போனை வைத்துவிட்டான். டிரைவர் இன்னும் அங்கேயேதான் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அருளுக்குப் போட்டேன், பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. மறுபடி போட்டேன், அதேதான். ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியில் வார்த்தை தப்பிவிட்டது.

அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான். சொல்லிவிட்டானாம். முதலாளி சத்தம் போடவில்லை. சரிப்பா, நீ இறங்கிக்க என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பத்திலிருந்து முத்துப்பாண்டியை பைக்கில் அனுப்பிவிட்டார். அவன் வந்து சாவி கேட்கிறான். அருள் கொடுக்காமல் நிற்கிறான். பின்னால் முத்துப்பாண்டி, ஏலே, போனக் குடுறா, நான் பேசுறேன் என்பது எனக்கே கேட்டது.

"அம்மா, சாவியக் குடுக்கச் சொல்லுங்கம்மா. நான் பையப் பைய உருட்டிட்டுப் போயிருவேன்."

"மிதிச்சுப் பாத்தியா முத்து?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே சொன்னான், "என் கார்டு உள்ள இருக்கும்மா."

என் பிள்ளை தரையில் நிற்கிறான். அதற்குத்தானே அத்தனை நேரம் வேண்டிக்கொண்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு வா என்று ஒரு சொல் சொன்னால் எனக்கு எல்லாம் முடிந்தது. அந்த நேரத்தில் என் கண்ணில் வந்து நின்றது, இரண்டு கையாலும் கார்டைக் கொடுத்த அந்தம்மாதான்.

வண்டி இறங்காது என்று முத்துப்பாண்டியால் சொல்ல முடியாது. அருளுக்குக் கொடுத்த வார்த்தை இவனுக்கு உதவாது. சொன்னால், ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டீகளா என்று ஒரு கேள்வி வரும். அதோடு அவன் கதை முடிந்தது. அவனுக்கு வேண்டியது மறுக்கும் தைரியம் இல்லை. மறுக்காமலேயே நின்றுகொள்ள ஒரு காரணம்.

"முத்து, நீ மாட்டேன்னு சொல்ல வேணாம். நான் எடுக்கத்தான் வந்தேன், அருளோட அம்மா சாவியக் குடுக்க விடல, போன்ல சண்டைக்கு வாராகன்னு முதலாளிகிட்ட சொல்லு. என் பேரச் சொல்லு."

"உங்களத் திட்டுவாகம்மா."

"திட்டட்டும். திட்டு வாங்கத்தான் இங்கன எனக்குச் சம்பளமே."

அவன் சிரித்தானா மூச்சு விட்டானா என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் கேட்டது.

உடனேயே முதலாளி கூப்பிட்டார். குரல் உயரவில்லை. "மேனேஜரம்மா, நீங்க உங்க ஆபீஸப் பாக்குறீகளா, என் ஆபீஸப் பாக்குறீகளா?"

"இந்த ஒரு வண்டிக்கு மட்டும் உங்களதையும் பாத்துருறேன் முதலாளி" என்றேன். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கேரளாவில் இறக்கிவிட்டுக் காலியாக வந்த லாரி ஒன்று லோயர் கேம்ப்புக்குப் பக்கத்தில் கூடலூரில் நிற்பது எனக்குத் தெரியும். அந்த டிரைவரைப் பிடித்து, வாடகை பேசி, முதலாளியிடம் நம்பரைக் கொடுத்தேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டார். ஆனால் லோடு மாறியது. அருளும் முத்துப்பாண்டியும் கூட நின்று தார்களை மாற்றினார்கள். மறுநாள் காலைச் சந்தை தப்பிவிட்டது. அந்த நஷ்டத்தை முதலாளி இன்னும் மறக்கவில்லை. அருள் அவரிடம்தான் ஓட்டுகிறான். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வாழைத்தார் வந்தது. கொஞ்சம் சின்னத் தார்.

அந்த வண்டி அன்று மலை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்திரமாகக்கூடப் போயிருக்கலாம், திராட்சை வண்டி போன மாதிரி. யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் வேண்டுதல். பகலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஆனால் அருள் மலைக்குப் போகிற நாளில் போனை அடுப்படிக்கும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆபீஸிலும் அதற்குப் பிறகு சாவியை நீட்டும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றுவிடும். முழங்கால் வலியின் மறுபாதி அதுதான்.

ஆகவே, பையன்களிடம் தாராளமாகப் பேசுங்கள். முதலாளி கட்டட்டும், அவர்கள் ஓட்டட்டும், அதில் இரண்டு பக்கத்துக்கும் நன்மை இருக்கிறது. இரண்டு வருஷம் ஓட்டுகிறேன் என்று அவன் கொடுக்கிற வாக்கு பெரிய விஷயம், அதைக் காப்பாற்றச் சொல்லுங்கள். ஆனால் அவன் கொடுப்பது உழைப்பு மட்டும்தான் என்பதை முதல் நாளே, அவன் வீட்டார் காதிலும் முதலாளி காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். இந்த வண்டி இன்றைக்குப் போகாது என்று சொல்வதற்காகத்தான் ஒரு ஆளை ஸ்டேரிங் முன்னால் உட்காரவைக்கிறோம். அந்த வாயை அடைத்துவிட்டு வண்டியை மட்டும் அனுப்புவது நமக்கே ஆபத்து. சொல்ல முடியாதவன் வந்து நின்றால் உங்கள் பெயரைக் கடன் கொடுங்கள். ஒரு திட்டோடு போய்விடும்.

அந்த மதியத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதலாளியோடு பேசி, கூடலூர் வண்டியையும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனை வைத்தபோது, கோட்டயம் போக வேண்டிய டிரைவர் அப்படியே என் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். காலையில் அவர் வந்தபோதே, வண்டி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருந்தேன். நல்லாருக்குக்கா என்று சொல்லியிருந்தார்.

நான் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தேன். அவர் கார்டைத் தேடி எடுத்து, வீரபாண்டிக் குங்குமம் ஒட்டியிருந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டார். சாவியை நான் இன்னும் கொடுக்கவில்லை.

"வண்டி எப்படி இருக்கு?" என்று மறுபடியும் கேட்டேன்.

"பின்னாடி ரெண்டு டயரும் மொட்டையாக் கிடக்குக்கா" என்றார்.